மனுவலா, ஓட்டோமெற்றிக்கா? – ஒரு கணக்குப்பிள்ளையின் பார்வை



சென்ற மாதம் சுயதொழில் செய்பவர்களின் வரிப்படிவம் பற்றிப் பேசிவிட்டுத் தொலைபேசியைத் திறந்து வைத்திருந்தோம். ஒன்பது பேர் அழைத்தார்கள். அதில் நான்கு பேர் கேட்டது வரியைப் பற்றியே அல்ல. "மகளுக்குப் பதினேழு முடிஞ்சுது, மனுவலிலை பழக்கிறதோ ஓட்டோமெற்றிக்கிலை பழக்கிறதோ?" என்று ஒருவர். "கிளச் போட்டுட்டுது, திருத்துறதோ, வித்துப்போட்டு ஓட்டோமெற்றிக் எடுக்கிறதோ?" என்று இன்னொருவர். கணக்காளனிடம் கார் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று நிலைய நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. வீட்டை விட்டால் எங்கள் குடும்பங்கள் அதிகம் காசு கொட்டுவது காரில்தான். அந்தக் காசு எங்கே போகிறது என்பதை வருடா வருடம் ரசீதுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஆகவே இந்த மாத உரை இதைப் பற்றியது. நான் மெக்கானிக் அல்ல, சாரதிப் பயிற்சியாளரும் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துவிட வேண்டும். இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். எந்த லைசென்ஸ் எடுப்பது என்பது ஒன்று. எந்தக் கார் வாங்குவது என்பது வேறொன்று. கார் ஐந்து வருடத்தில் மாறும். லைசென்ஸ் எழுபது வயது வரை கூட வரும்.

பிரித்தானியச் சட்டம் இதில் தெளிவானது. மனுவல் காரில் சாரதிப் பரீட்சை சித்தியடைந்தவர் இரண்டு விதமான காரையும் ஓட்டலாம். ஓட்டோமெற்றிக்கில் சித்தியடைந்தவர் ஓட்டோமெற்றிக்கை மட்டுமே ஓட்டலாம். அவரது அட்டையின் பின்புறத்தில் 78 என்ற குறியீடு இருக்கும். மின்சாரக் கார்களும் இந்த விடயத்தில் ஓட்டோமெற்றிக் கணக்கில்தான் வரும். 78 உள்ளவர் "பக்கத்துக் கடை வரைக்கும்தானே" என்று தனியே மனுவல் காரை எடுத்துக்கொண்டு போனால், லைசென்சுக்கு மாறாக ஓட்டிய குற்றம் ஒருபுறம், காப்புறுதி செல்லாமல் போவது மறுபுறம். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் குறைந்தது ஆறு புள்ளிகள். புதிதாக லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி விழுந்தால் லைசென்சே போய்விடும். மீண்டும் எல் போர்டில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஓட்டோமெற்றிக் லைசென்ஸ் வைத்திருப்பவர் பிறகு மனுவலுக்கு மாற விரும்பினால் எழுத்துப் பரீட்சையை மறுபடி எழுதத் தேவையில்லை. ஓட்டப் பரீட்சை மட்டும் போதும். அவரது லைசென்ஸே மனுவல் காருக்குப் பழகுநர் அனுமதியாகச் செல்லும். எல் போர்ட் போட்டு, உரிய காப்புறுதி எடுத்து, தகுதியான ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஓட்டிப் பழகலாம். தகுதியானவர் என்றால் 21 வயது முடிந்தவர், மூன்று வருடமாக முழு லைசென்ஸ் வைத்திருப்பவர், அந்த வகைக் காரை ஓட்ட அனுமதி உள்ளவர். ஓட்டோமெற்றிக் லைசென்ஸ் மட்டும் உள்ள அம்மா, மகனை மனுவல் காரில் பழக்க முடியாது. இதைத் தெரியாமல் சனிக்கிழமைகளில் பழக்கிக்கொண்டிருக்கும் இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். சொல்லியும் ஒருவர் கேட்கவில்லை.

மற்ற நாடுகளில் இருக்கும் உறவினர்கள் சொல்வதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். சுவிற்சர்லாந்தில் 2019 பெப்ரவரியில் இருந்து ஓட்டோமெற்றிக்கில் சித்தியடைந்தவரும் இரண்டையும் ஓட்டலாம். ஜேர்மனியில் 2021 ஏப்ரலில் இருந்து, ஓட்டோமெற்றிக்கில் பரீட்சை எழுதினாலும், மனுவலில் பத்துப் பாடமும் பயிற்சிப் பள்ளியின் பதினைந்து நிமிடச் சோதனையும் முடித்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிரான்சில் ஏழு மணி நேரப் பயிற்சி போதும். கனடாவில் ஒன்ராறியோவில் இருக்கும் மச்சானுக்கு இந்தப் பிரச்சினை என்னவென்றே விளங்காது. அங்கே இப்படி ஒரு பிரிவே இல்லை. சூரிச்சில் இருக்கும் பெறாமகள் ஓட்டோமெற்றிக்கில் எடுத்துவிட்டு எல்லாம் ஓட்டுகிறாளே என்று இங்கே இருக்கும் பிள்ளைக்குச் சொன்னால், அது இந்த நாட்டுக்குப் பொருந்தாது.

இனி எங்கள் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம். எங்கள் வயதுக்காரர் பலருக்குக் கியர் என்பது ஒரு கௌரவம். யாழ்ப்பாணத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் என்றால் அவருக்கு ஒரு தனி மதிப்பு. மொறிஸ் மைனரை நினைத்துப் பாருங்கள். கார் முற்றாக நின்றால்தான் முதலாம் கியர் சத்தமில்லாமல் விழும். உருண்டுகொண்டிருக்கும்போது போட்டால் பல்லுக் கடிக்கும் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். சில ஒஸ்ரின் கார்களில் கியர் ஸ்ரியறிங்கோடு சேர்ந்திருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது, கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். அந்தப் புகைக்குள் கியர் மாற்றி மாற்றி நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் ஆஸ்பத்திரியில் சேர்த்த ரக்சிக்காரர்களின் கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெருமையை இங்கே கொண்டுவந்து, ஓட்டோமெற்றிக் ஓட்டுகிற மனுசியைப் பார்த்து "அரை லைசென்ஸ்" என்று பகிடி பண்ணுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கலியாண வீட்டு மேசையில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சிரிப்பவர்கள் எல்லாரும் ஆண்கள்.

ஏனென்றால் அந்தச் சிரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. எங்கள் நிலையத்துக்குத் தொண்டராக வரும் ஒரு அக்கா, 2000களின் தொடக்கத்தில் மனுவலில் மூன்று தரம் பரீட்சைக்குப் போனவர். அப்போது எழுத்துப் பரீட்சையைத் தமிழ்க் குரலில் கேட்டுச் செய்யலாம். 2014 ஏப்ரல் 7 முதல் அந்த வசதி நிறுத்தப்பட்டு, இப்போது ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும் மட்டுமே குரல் உண்டு. அவர் தமிழில் கேட்டு எழுத்துப் பரீட்சையை முதல் தரமே முடித்தார். ஓட்டத்தில்தான் சிக்கல். ஏற்றமான சந்தியில் நின்று கிளம்பும்போது கார் பின்னுக்கு உருளும், கிளச்சை அவசரமாக விடுவார், எஞ்சின் நின்றுவிடும், பின்னால் ஹோர்ன். உண்மையில் எஞ்சின் ஒரு தரம் நின்றதற்காக மட்டும் பரீட்சையில் விழுத்துவதில்லை. அதற்குப் பிறகு வரும் பதற்றத்தில் கண்ணாடி பார்க்காமல் விடுவதும், பாதசாரியைக் கவனிக்காமல் விடுவதும்தான் விழுத்தும். மூன்றாம் தரத்தோடு "எனக்குக் கார் சரிவராது" என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. பதினான்கு வருடம் பஸ்.

பிறகு மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வண்டி வரும் நேரமும் தெரியாது, திரும்பும் நேரமும் தெரியாது. கணவருக்கு இரவு வேலை. அப்போதுதான் ஒரு பயிற்சியாளர் பெண்மணி, ஓட்டோமெற்றிக்கில் இரண்டு மணி நேரம் ஓடிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கிளச்சுக்குப் போய்க்கொண்டிருந்த கவனம் முழுவதும் றோட்டுக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்னார். இரண்டாம் தரத்தில் சித்தி. இப்போது மாமியார் இல்லை. ஆனால் அந்தக் கடைசி நான்கு வருடமும் அவர் மருமகளின் பழைய சிறிய காரின் முன் சீற்றில் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய் வந்தார். இந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது அரை லைசென்ஸ் என்று யாராவது என்னிடம் சொல்லட்டும்.

அதற்காக ஓட்டோமெற்றிக்கில் பழகினால் சித்தி நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். அரச புள்ளிவிபரத்தைப் பார்த்தால் ஓட்டோமெற்றிக் பரீட்சையில் சித்தி பெறும் வீதம் மனுவலை விடச் சில வீதம் குறைவுதான். ஓட்டோமெற்றிக் கடினம் என்பது அதன் பொருள் அல்ல. மனுவலில் முயன்று களைத்தவர்களும், வயது வந்த பிறகு தொடங்குபவர்களும், பயம் உள்ளவர்களும் அந்தப் பக்கம் அதிகம் போகிறார்கள் என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். "ஓட்டோமெற்றிக்தானே" என்று குறைந்த பாடத்தோடு போகிறவர்களும் உண்டு. இப்போது நடக்கும் கார்ப் பரீட்சைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஓட்டோமெற்றிக்கில் நடக்கிறது. ஒருகாலத்தில் இது மிகச் சிறிய தொகை.

இப்போது கணக்குக்கு வருவோம். பழகுநர் ஒருவருக்குச் சராசரியாக 45 மணி நேரப் பாடமும், அதற்கு வெளியே 22 மணி நேரப் பயிற்சியும் தேவைப்படுகிறது என்று பரீட்சை நடத்தும் நிறுவனமே சொல்லிவருகிறது. ஒரு பாடத்துக்கு 38 பவுண் என்று வைத்தால் மனுவலுக்கு 1,710 பவுண். ஓட்டோமெற்றிக் பாடம் வழக்கமாக மணிக்குச் சில பவுண் அதிகம். 42 என்று வையுங்கள். அதே 45 மணி நேரம் என்றால் 1,890. ஆனால் கிளச் பழகும் நேரம் மிச்சமாகி 35 மணியில் முடிந்தால் 1,470. இது என் காகிதக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். இதில் பரீட்சைக் கட்டணம் 62 பவுண், பின்னேரத்திலும் வார இறுதியிலும் 75. விழுந்தால் அது மட்டும் நட்டம் அல்ல. 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு பல நிலையங்களில் அடுத்த திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் கை மறக்காமல் இருக்கப் பாடம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தரம் விழுவதன் உண்மைச் செலவு ஐந்நூறு, அறுநூறு பவுணுக்குக் குறையாது என்பது நான் பார்த்த வீடுகளின் கணக்கு.

ஆகவே இளம் பிள்ளை, கை கால் சுகம், பயம் இல்லை என்றால் மனுவலில் எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். இதை வீட்டில் சொன்னபோது என் மகள் சிரித்தாள். "அப்பா, கசற் றெக்கோடர் திருத்தப் பழகச் சொல்லுற மாதிரி இருக்கு" என்றாள். அவளிடம் நியாயம் இல்லாமல் இல்லை. பெற்றோலில் அல்லது டீசலில் மட்டும் ஓடும் புதிய கார்களின் விற்பனையை 2030இல் நிறுத்துவதாக 2020இல் அரசாங்கம் அறிவித்தது. 2023இல் அது 2035 ஆகத் தள்ளிப் போனது. 2025இல் மறுபடி 2030 என்று உறுதி செய்யப்பட்டது, ஹைபிரிட்டுக்கு 2035 வரை இடம் உண்டு. மின்சாரக் காரில் கிளச் இல்லை. ஹைபிரிட்டும் பெரும்பாலும் ஓட்டோமெற்றிக்தான். இப்போதே புதிதாக விற்கும் கார்களில் பாதிக்கு மேல் ஓட்டோமெற்றிக்.

ஆனால் நான் அவளிடம் கேட்டது இது: நீ வாங்கப்போவது புதுக் காரா? பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைக்குக் காப்புறுதியே காரின் விலையைத் தாண்டும். வாங்கக்கூடியது பத்து, பன்னிரண்டு வருடம் பழைய சின்னக் கார். லண்டனில் 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் எல்லா பறோக்களுக்கும் வந்துவிட்டதால், ஒருநாளைக்கு 12.50 பவுண் கட்டாமல் ஓட வேண்டுமென்றால் பொதுவாக 2006க்குப் பிந்திய பெற்றோல் கார் வேண்டும். அந்த வயதுச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை மனுவல். அதே காரின் ஓட்டோமெற்றிக் கிடைத்தால் விலை கூட. 2030க்கு முன்பு விற்ற மனுவல் கார்கள் 2040களிலும் ஓடிக்கொண்டிருக்கும். பிரான்சுக்குப் போய் வாடகைக்குக் கார் எடுத்தாலும் மலிவான சின்னக் கார் பெரும்பாலும் மனுவலாகத்தான் வரும். மகள் கடைசியில் மனுவலில்தான் பழகினாள். என் வாதத்தில் மயங்கி அல்ல. எங்கள் பகுதி ஓட்டோமெற்றிக் பயிற்சியாளரிடம் இடம் கிடைக்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வான் விடயத்தை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் குடும்பங்களில் எத்தனை பேர் கடையும் பெற்றோல் நிலையமும் நடத்துகிறார்கள்! விடிய நான்கு மணிக்கு மொத்த வியாபாரச் சந்தைக்குப் போகும் பழைய வான்கள் அநேகமாக மனுவல். என் வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கில் ஒரு வருடம் திடீரென்று "வான் ஓட்டியவருக்குக் கூலி" என்று வாரா வாரம் ஒரு தொகை வந்தது. என்னவென்று கேட்டேன். அவருக்கு இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் கார் ஓட்டக் கூடாது. மருத்துவர் அவரை இன்னும் கூட இருக்கச் சொல்லியிருந்தார். மனைவிக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் 78. வாசலில் வான் நிற்கிறது, திறப்பு மேசையில் கிடக்கிறது, சாமான் எடுக்க வேறொருவருக்குக் கூலி. அவர் வரத் தவறிய நாளில் பால் இல்லை, பாண் இல்லை, காலை வாடிக்கை பக்கத்துச் சுப்பர்மார்க்கெட்டுக்கு. பிறகு இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். மனைவி மனுவலுக்கு மாறுவதா, வானை மாற்றுவதா? பாடம், பரீட்சைக்குக் காத்திருப்பு, அவரது ஐம்பத்தொரு வயது, அந்த வானுக்கு எப்படியும் வரப்போகும் பழுதுகள் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தோம். வானை விற்று ஓட்டோமெற்றிக் வான் வாங்குவதுதான் மலிவாக வந்தது. ஆகவே எல்லாருக்கும் ஒரே விடை இல்லை என்று நான் சொல்வது மழுப்பல் அல்ல. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஓட்டுகிறார்கள் என்றால், இருவரும் ஓட்டக்கூடிய வண்டியாகக் குறைந்தது ஒன்றாவது வாசலில் நிற்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மினிகாப் ஓட்டும் தம்பிமாருக்கு இந்தக் கேள்வியே முடிந்துவிட்டது. லண்டனில் 2023 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் மினிகாப் எல்லாம் புகையில்லாமலும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் கிளச் தேடி அலைய வேண்டாம்.

சரி, ஓட்டோமெற்றிக் கார் வாங்க முடிவு செய்தவர்களுக்கு. "ஓட்டோமெற்றிக்" என்று ஒரே பெயரில் நான்கு வேறு சாமான்களை விற்கிறார்கள். விளம்பரத்தில் இதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. பழையதும் நம்பிக்கையானதும் எண்ணெயின் சுழற்சியால் எஞ்சினின் வலுவைக் கியர்ப் பெட்டிக்குக் கடத்தும் வகை. 1939இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் முழு ஓட்டோமெற்றிக்கைச் சந்தைக்கு அறிவித்த நாளில் இருந்து திருந்தித் திருந்தி வந்த பரம்பரை அது. இரண்டாவது, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பட்டி ஓடும் வகை. அதில் கியர் மாறும் உதைப்பே தெரியாது, வேகம் எடுக்கும்போது எஞ்சின் ஒரே சுருதியில் இரையும். மூன்றாவது இரட்டைக் கிளச். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று, கணனி இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும். பெரிய வீதியில் அருமையாக ஓடும். ஆனால் நோர்த் சேர்குலர் நெரிசலில் அடி அடியாக நகரும்போது, அதிலும் எண்ணெயில் தோயாத உலர் கிளச் வகை என்றால், சூடேறித் தேயும். நான்காவது, சாதாரண மனுவல் பெட்டிக்கே ஒரு யந்திரக் கையைப் பூட்டி, கிளச் மிதியை எடுத்துவிட்டது. பழைய சின்னக் கார்களில் மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு கியர் மாறும்போதும் ஒரு கணம் மூச்சு விடுவது போலத் தயங்கும். ரவுண்டபவுட்டுக்குள் நுழையும் நேரம் அந்தத் தயக்கம் வந்தால் நெஞ்சு திக்கென்னும். நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

ரொயோட்டாவின் ஹைபிரிட் இந்த நான்கிலும் சேராது. அதில் பட்டியும் இல்லை, கிளச்சும் இல்லை. இரண்டு மின்மோட்டாரும் எஞ்சினும் ஒரு பற்சக்கரத் தொகுதியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. லண்டன் மினிகாப்காரர் பிரியஸை விடாமல் பிடித்துக்கொண்டதற்குப் பெற்றோல் சிக்கனம் பாதிக் காரணம் என்றால், தேய்வதற்குக் கிளச் இல்லாதது மீதிக் காரணம். மின்சாரக் காரில் கியர் மாற்றமே இல்லை, ஒரே ஒரு கியர்தான். அதன் செலவுக் கணக்கு வேறு. 2025 ஏப்ரலில் இருந்து அதற்கும் றோட் வரி உண்டு. அதை இன்னொரு மாதம் பேசுவோம்.

பாவித்த ஓட்டோமெற்றிக் பார்க்கப் போகும்போது, நான் வருவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் கியர்ப் பெட்டி தன் குணத்தைக் காட்டும். பிரேக்கை மிதித்தபடி டியில் இருந்து ஆருக்கும், ஆரில் இருந்து டிக்கும் மெதுவாக மாற்றிப் பாருங்கள், உதைத்தால் யோசியுங்கள். நெரிசல் உள்ள இடத்தில் நகர்த்தியும், ஏற்றத்தில் ரிவேர்சிலும் ஓட்டிப் பாருங்கள். நடுங்கினால் வந்த வழியே திரும்புங்கள். சேர்விஸ் புத்தகத்தில் கியர்ப் பெட்டியின் எண்ணெய் எப்போது மாற்றியது என்று எழுதியிருக்கிறதா? "அது வாழ்நாள் எண்ணெய், மாத்தத் தேவையில்லை" என்று சிலர் சொல்வார்கள். யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். மனுவல் காரின் கிளச் மாற்றுவதற்கு இப்போது அறுநூறு முதல் ஆயிரம் பவுண் வரையான ரசீதுகள் என் மேசைக்கு வருகின்றன. ஓட்டோமெற்றிக் பெட்டி பழுதானால் ரசீது ஆயிரத்தில்தான் தொடங்குகிறது. அநேகமாக அது காரின் விலையைத் தொட்டுவிடும். பெற்றோல் அதிகம் குடிக்கும் என்ற பழைய குற்றச்சாட்டு மட்டும் இன்றைய வண்டிகளுக்குப் பெரிதாகப் பொருந்தாது.

இருபது, முப்பது வருடம் மனுவல் ஓட்டியவர்கள் முதல் தரம் ஓட்டோமெற்றிக்கில் ஏறும்போது இடது காலை அடக்கி வையுங்கள். கிளச் என்று நினைத்து இடது கால் பிரேக்கைக் குத்தும். முன்னுக்கு இருப்பவர் கண்ணாடியில் போய் முட்டுவார். வலது கால் ஒன்றுதான் இரண்டு மிதிக்கும். டியில் போட்டுவிட்டுப் பிரேக்கில் இருந்து காலை எடுத்தாலே பல வண்டிகள் தானாக ஊரும் என்பதையும் மறக்க வேண்டாம். வயதான அப்பா அம்மாவுக்குக் கார் மாற்றிக் கொடுக்கும் பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் கார்த்தரிப்பிடத்தில் ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்து பழக்குங்கள். பிரேக்குக்குப் பதிலாக அக்சிலறேற்றரை மிதிக்கும் விபத்து நடப்பது அனேகமாக இப்படிப்பட்ட இடங்களில், மெதுவாக நிறுத்தப்போகும் நேரத்தில்தான்.

ஊரில் இருந்து அண்மையில் வந்தவர்களுக்கு: இலங்கை லைசென்சில் இங்கே வசிக்கத் தொடங்கிய நாளில் இருந்து பன்னிரண்டு மாதம் ஓட்டலாம். அதை இந்த நாட்டு லைசென்சாக மாற்றித் தர மாட்டார்கள். அந்த வருடத்துக்குள் பழகுநர் லைசென்ஸ் எடுத்து இரண்டு பரீட்சையும் எழுத வேண்டும். ஊரில் பல வருடம் கியர் வண்டி ஓட்டியவர் என்றால் மனுவலிலேயே எழுதுங்கள். கையில் இருப்பதை ஏன் விடுவான்?

கடைசியாக, சென்ற மாதம் பேர் சொல்லாமல் அழைத்த ஒரு நேயர். குரலைக் கேட்டால் நாற்பத்தைந்து இருக்கும். 2009இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். "எனக்கெல்லாம் இந்த நாட்டிலை கார் ஓட விடுவினமோ அண்ணை?" என்று கேட்டார். நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தம்பி, விடுவார்கள். உங்கள் நிலையை டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும், அது சட்டம், மறைக்க வேண்டாம். வலது கால் நன்றாக இருந்தால், சாதாரண ஓட்டோமெற்றிக் காரில் பெரும்பாலும் எந்த மாற்றமும் செய்யாமலே ஓட்டலாம். வலது காலை இழந்தவர்களுக்கு அக்சிலறேற்றரை இடது பக்கம் மாற்றிப் பூட்டித் தருகிறார்கள். கையாலேயே ஓட்டும் வசதியும் உண்டு. உடல் இயலாமை உள்ளவர்களைப் பரிசோதித்து எந்த ஒழுங்கு பொருந்தும் என்று சொல்லும் நிலையங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. பிப் கொடுப்பனவில் நடமாட்டத்துக்கான பகுதி உயர்ந்த வீதத்தில் கிடைக்கிறது என்றால், அந்தப் பணத்தைக் கொண்டே மொட்டபிலிற்றித் திட்டத்தில் கார் எடுக்கலாம். காப்புறுதியும் திருத்த வேலையும் அதற்குள் அடங்கும். படிவம் நீளமானது. நிலையத்துக்கு அழைத்து உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். வியாழக்கிழமை பின்னேரங்களில் நான் இங்கேதான் இருப்பேன், இருந்து சேர்ந்து நிரப்புவோம்.